பஞ்சில் நனைத்த தேநீர்

குணமாகி எழுந்துவந்து நன்றி சொன்ன நோயாளி எங்கள் தொழிலில் ஒருவரும் இல்லை. வைத்தியசாலை இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பியவர்களை, ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் அவரவர் வீட்டுக் கட்டிலிலேயே பார்த்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற தாதி நான். மிஸ்ஸி என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். வலியைக் குறைப்பது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, வாய் உலராமல் நனைப்பது; வேலை அவ்வளவே. பிறகு என் கணவரும் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டார். அடுப்பையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்து நாட்களைக் கழித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

பால்

உயிர் பிரியும் வேளையில் உறவினர் ஒவ்வொருவராக வந்து வாயில் பால் ஊற்றுவது எங்கள் மக்களின் வழக்கம். விழுங்க முடியாதவருக்கு அந்தப் பால் மூச்சுக்குழலுக்குள் இறங்கும். ஊற்றுபவருக்கு அது அன்பு; படுத்திருப்பவருக்குத் திணறல்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் ஒன்றில், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவருக்காகக் குசினியிலிருந்து வாசல்வரை தம்ளர்களோடு வரிசை நின்றது. முதல் தம்ளரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பஞ்சைக் கொடுத்து, உதட்டை நனைத்தால் போதும் என்றேன். இறம்பொடையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த அவருடைய தங்கை, பஞ்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பாலு ஊத்த வந்தவளுக்குப் பஞ்சக் குடுக்கிறீங்களே மிஸ்ஸி, எங்கண்ணன் என்ன நேத்துப் பொறந்த புள்ளையா?"

மண்

உயிர் இழுத்துக்கொண்டே கிடந்தால் அது மண்ணாசை என்பார்கள். சொந்த மண்ணில் ஒரு சிட்டிகை கரைத்து நாவில் வைத்தால் ஆசை அடங்கிவிடுமாம். நோட்டன் பிரிட்ஜ் பக்கம், கொழுந்து பறித்தே வயதான ஓர் அம்மா அப்படிக் கிடந்தார். மகள் வெறும் கிண்ணத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

மண் கரைத்துக் கொடுப்பது சுகாதாரமல்ல என்று நான் தொடங்கினேன். அவளுடைய சிக்கல் சுகாதாரம் அல்ல. "அது இல்லீங்க மிஸ்ஸி. தேயிலைக்குள்ள எடுத்தாலும் தோட்டத்து மண்ணு, லயத்துக்குப் பின்னால எடுத்தாலும் தோட்டத்து மண்ணு. எங்கம்மாவோட மண்ணு எதுங்க?"

சாயம்

என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவர். எந்தத் தூள் தேறும், எது தேறாது என்பதை நாவினால் சொல்லியே வாழ்ந்தவர். எங்கள் இல்லறம் முழுவதும் என் தேநீரை ஒரு நாளும் அவர் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. முதல் மிடறு, பிறகு, "சாயம் பத்தல" அல்லது "தண்ணி கொதிக்கல." கெஞ்சிப் பாராட்டு வாங்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் தொண்டையில் நோயோடு அவர் வீடு திரும்பிய அன்று, அந்த நா ஓய்வதற்குள் ஒரே ஒரு முறை நன்றாயிருக்கிறது என்ற சொல்லைக் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலில் கோப்பையில் குடித்தார். பிறகு கரண்டியில். பிறகு பஞ்சில். ஒவ்வொரு முறையும் புதிதாக நீரைக் கொதிக்கவைத்தேன். ஒருநாள் பஞ்சைச் சப்பிவிட்டு என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். "என்ன, சோதன எழுதிட்டு மார்க்குக்குக் காத்துக்கிட்டு இருக்க புள்ள மாதிரி என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்க?"

கடைசிப் பஞ்சு

அன்று பிற்பகல் மூடுபனி சன்னலை மறைத்திருந்தது. அவருடைய மூச்சு மாறிவிட்டதை என் காது எனக்கு முன்பே அறிந்துகொண்டது. அயலார் வந்தார்கள். யாருடைய கையிலும் பால் இல்லை, என்னை அறிந்தவர்கள். அவரவர் கையில் பஞ்சைக் கொடுத்தேன். நடுவில் ஒரு தம்ளர் தேநீரை வைத்தேன். தொழிற்சாலையில் அவருக்குக் கீழே வேலை செய்தவர்களும் ஒவ்வொருவராக அவருடைய உதட்டை நனைத்துவிட்டு விலகினார்கள்.

என் முறை வந்தபோது அந்தத் தேநீர் ஆறிப்போயிருந்தது. ஆறியதைக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. விரைந்து போய்ப் புதிதாக ஊற்றி வந்தேன். பஞ்சு பட்டதும் நா அசைந்தது, சுவைத்தார். காதை அருகே கொண்டுபோனேன், ஏதோ சொன்னார். அதன்பின் அவர் பேசவில்லை; இருட்டுவதற்குள் மூச்சும் நின்றது. அவர் சொன்னது இதுதான்: "அவசரப்பட்டுட்ட... ஊற விடல."

இன்றும் லயங்களுக்குப் போகிறேன், இன்றும் பஞ்சு நனைக்கிறேன். வீட்டில் தூள் நன்றாக ஊறும்வரை பொறுத்திருப்பதால் தேநீரும் குறையில்லாமல் வருகிறது, ஆனால் குறை சொல்ல ஆளில்லாத தேநீரை எப்படி விழுங்குவது என்பதை மட்டும் தாதிப் பயிற்சியில் யாரும் கற்பிக்கவில்லை.