நீலச் சக்கரமும் சிவப்புச் சீட்டும்

அந்தக் கார் என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது என் மனைவியுடையது. அவள் ஐந்து நாள் பயிற்சிக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தபோது, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஐம்பத்திரண்டு வயதில், அதன் முன்சக்கரத்தைக் கழற்றி எஞ்சின் பக்கம் கையை விட்டவன் நான். பிழைப்புக்கு நான் செய்வது, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன அலுவலகத்தில் உட்கார்ந்து, பம்புகளுக்கும் கம்ப்ரெசர்களுக்கும் தமிழில் கையேடு எழுதுவது. ‘போல்ட்டைத் தளர்த்திக் கழற்றவும்’ என்ற வரியை ஆயிரம் தடவையாவது எழுதியிருப்பேன். கழற்றியது ஒன்றுகூட இல்லை.

மனைவி ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். உதிரிப் பாகங்களை அளந்து பார்த்து, தேறாததன் கழுத்தில் சிவப்புச் சீட்டு கட்டி ஒதுக்குவது அவள் வேலை. சீட்டில் காரணமும் எழுத வேண்டும். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தொழிற்சாலைச் சீட்டைத் தொட மாட்டாள். அம்பத்தூர் ஸ்டேஷனரி கடையில் சொந்தமாக ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறாள். விரிந்த மிக்ஸி மூடிக்கு ஒரு முறை கட்டினாள். என் கல்யாண ரிசப்ஷன் சட்டைக்கு ஒரு முறை. காரணம்: ‘பொத்தான்கள் அபாயத்தில்.’

கார் இருபது வயதான ஜப்பானிய செடான். புதிதாக வந்த காலத்தில் வேகப் பைத்தியங்கள் கனவு கண்ட எஞ்சின் அது. இப்போது அதற்குப் பாகம் தேடினால் கடைக்காரர்கள் இறந்துபோன உறவினரை விசாரித்தது போல முகத்தை வைத்துக்கொள்வார்கள். மூன்று வருடமாக ஞாயிறுதோறும் உழைத்து அவளே அதைத் தேற்றினாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பந்தயத் தடத்தில் வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை, சொந்தக் கார் வைத்திருப்பவர்களை ஒவ்வொருவராக ஓடவிட்டு நேரம் குறிப்பார்கள். அதில் ஓட வேண்டும் என்பது அவள் ஆசை. ஒரு வருடம் அவள் அம்மாவுக்கு ஆபரேஷன். ஒரு வருடம் தணிக்கை. ஒரு வருடம் மழை. இந்த முறை லீவு கிடைத்துவிட்டது, பெயரும் கொடுத்தாயிற்று. அவள் கோவையிலிருந்து திரும்புவது ஞாயிறு மதியம்; ஓட்டம் அதற்கடுத்த சனிக்கிழமை.

அவளுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. இந்த இடத்தில் சாதாரணக் கணவன் புடவை எடுப்பான். நான் இரண்டு வாரம் இணையத்தில் படித்தேன்.

எஞ்சினின் கிராங்க் தண்டு முனையில் ஒரு கனமான இரும்புச் சக்கரம் உண்டு. கிராங்க் புல்லி என்பார்கள். ஏசிக்கும் பேட்டரி சார்ஜுக்கும் பெல்ட் ஓட்டுவது அதுதான். அதை எடுத்துவிட்டு இலேசான அலுமினியப் புல்லியைப் போட்டால் எஞ்சின் சுமை இல்லாமல் சீறும் என்று ஊர் பேர் தெரியாத இளைஞர்கள் எழுதியிருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு போல்ட். நான் ஆர்டர் செய்த நீலப் புல்லி வெள்ளிக்கிழமை வந்தது. கையில் எடுத்தால் எவர்சில்வர் டப்பா மூடி போல அவ்வளவு இலேசு. சனிக்கிழமை காலை, பட்டாபிராம் வீட்டுக் கார் ஷெட்டில், ஜாக்கி வைத்து இடது முன்சக்கரத்தைக் கழற்றினேன். போல்ட் தெரிந்தது. தளர்த்திக் கழற்ற வேண்டியதுதான்.

தளரவில்லை. போல்ட்டில் முழ நீள ஸ்பானர்த் தண்டை மாட்டி இழுத்தேன். அதன் மேல் ஏறி நின்றேன். நானும் காரும் சேர்ந்து ஆடினோம்; போல்ட் மட்டும் ஆடவில்லை. மறுபடி இணையத்துக்குப் போனேன். அங்கே ஒரு வீடியோவில் ஒருவர் குறுக்குவழி சொல்லியிருந்தார்: தண்டைப் போல்ட்டில் மாட்டி, மறுமுனை எதிலாவது முட்டி நிற்கும்படி வைத்துவிட்டு, பெட்ரோல் போகாமல் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு நொடி செல்ஃப் அடி. எஞ்சின் தன் பலத்தால் தன் போல்ட்டைத் தானே கழற்றிக்கொள்ளும்.

சாக்பீஸால் போல்ட் தலையிலிருந்து புல்லி வரைக்கும் ஒரு கோடு போட்டேன். அசைந்தால் கோடு உடையும். இது என் சொந்த யோசனை. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். தண்டு அரைவட்டம் சுழன்று கீழே சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையில் ‘ணங்’ என்று மோதி நின்றது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். கோடு ஒரு நூலளவு உடைந்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மறுபடி திருப்பினேன். இன்னும் கொஞ்சம் விலகியது. மொத்தம் நான்கு முறை. நான்காவது முறைக்குப் பிறகு கையால் கழற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். போல்ட் மலை மாதிரி நின்றது.

ஞாயிறு காலை, நூம்பலிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன். மனைவிக்கு எட்டாத கனமான வேலைகளுக்கு வருபவர். ஒரு முறை அவர் மாட்டிய பிரேக் குழாயிலேயே அவள் சிவப்புச் சீட்டு கட்டியிருக்கிறாள், அதனால் அவளிடம் அவருக்குத் தனி மரியாதை. அவர் குனிந்து, என் சாக்பீஸ் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன செய்தேன் என்று கேட்டார். சொன்னேன். நிமிராமலே கேட்டார்:

“சார், இந்த இன்ஜின் எந்தப் பக்கம் சுத்தும்னு தெரியுமா?”

எல்லா எஞ்சினும் சுற்றும் பக்கம்தான் என்றேன்.

“இது ரிவர்ஸ் சார். இடம்சுழி. நீங்க வீடியோல பாத்தது வலம்சுழி இன்ஜின். செல்ஃப் அடிச்சு நீங்க கழட்டல. நாலு தபா டைட் பண்ணிகீறீங்க.”

கோடு எந்தப் பக்கம் உடைந்தது என்று நான் பார்க்கவே இல்லை. உடைந்தது என்பதே போதுமாக இருந்தது எனக்கு.

மனைவி ஜோலார்பேட்டையிலிருந்து கூப்பிட்டாள். ரயில் சரியான நேரத்துக்கு வருகிறது, பெரம்பூருக்கு ஒன்றரைக்கு வந்துவிடுங்கள், என் காரையே எடுத்து வாருங்கள், ஐந்து நாளாக ஓடாமல் நிற்கிறது என்றாள். சரி என்றேன். இடது முன் டயரில் காற்றுக் குறைவாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். அவள் கவலைப்பட்ட டயரின் மேல்தான் அப்போது நான் உட்கார்ந்திருந்தேன்.

மெக்கானிக் நிலைமையை விளக்கினார். இந்த இறுக்கத்தில் இழுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். போல்ட் கழலும், அல்லது தலை முறிந்து மிச்சம் கிராங்குக்குள் மாட்டிக்கொள்ளும். முறிந்தால் எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும். ஒரு மாதம் ஆகும்.

“சனிக்கிழமை?” என்றேன்.

“மேடம் பஸ்ல போய் வேடிக்கை பாக்கலாம்” என்றார். அதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை.

அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். இவ்வளவு இறுகிய போல்ட் இழுபட்டு நிற்கும், தடத்தில் வேகமாகப் போகும்போது அறுந்தாலும் அறும் என்றார். இழுங்கள் என்றேன்.

புல்லியின் முகத்தில் இருக்கும் அறுகோணப் பள்ளத்துக்குப் பொருந்த, அம்பத்தூர் லேத்தில் அவரே செய்துவைத்திருந்த பிடி ஒன்று இருந்தது. அதை மாட்டி, மறுமுனையை நான் இரண்டு கையாலும் தரையோடு அழுத்திப் பிடித்தேன். போல்ட்டில் தண்டு, தண்டின் மேல் மொட்டைமாடியிலிருந்து கொண்டுவந்த ஆளுயர ஜிஐ பைப். ஜெர்க் கொடுக்கக் கூடாது, பலத்தை மெதுவாக ஏற்ற வேண்டும் என்றார். ஏற்றினார். பைப் வில்லாக வளைந்தது. இடையில் போன் அடித்தது. மனைவிதான்; ரயில் காட்பாடி வந்திருக்கும். எடுக்க முடியவில்லை, அது என் சட்டைப் பையில் துடித்துக்கொண்டே இருந்தது. அவர் நெற்றி நரம்பு புடைத்தது.

‘டக்’ என்றது.

பைப் தரையில் இருந்தது. இரண்டு பேரும் அசையவில்லை. கழன்றாலும் அந்தச் சத்தம்தான், முறிந்தாலும் அந்தச் சத்தம்தான் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். போல்ட் தலையில் மாட்டியிருந்த சாக்கெட்டை விரலால் திருகத் தொடங்கினார். ஒரு சுற்று. தலை மட்டும் வந்திருந்தால் இப்போதே கையில் விழுந்திருக்கும். இரண்டு. மூன்று. நான் எண்ணினேன், ஒன்பது வரை. போல்ட் முழுசாக அவர் உள்ளங்கைக்கு வந்தது.

அதன் கழுத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். புரி இழுபட்டு, நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தது. இதை மறுபடி போடக் கூடாது என்றார். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையும் திறந்திருக்காது. கொஞ்சம் யோசித்துவிட்டு, போன சர்வீஸில் மேடம் இரண்டு போல்ட் வாங்கினார்கள், ஒன்றை எடுத்து வைத்திருப்பார்கள் என்றார்.

கார்ப் பாகங்கள் வைக்கும் அவளுடைய டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு கிடையாது. தொடாதீர்கள் என்று அவள் ஒரு முறை சொன்னதே பூட்டு. திறந்தேன். அறை அறையாகத் தடுத்து, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தாள். ‘கிராங்க் போல்ட் – புதிது’ உடனே கிடைத்தது. அதற்குக் கீழே துணியில் சுற்றி ஏதோ வட்டமாக இருந்தது. பிரித்தேன். நீலப் புல்லி. என்னுடையதேதான், அதே நீலம், அதே அளவு. ஒரு வேறுபாடு மட்டும்: இதன் நடு ஓட்டையில் சிவப்புச் சீட்டு கட்டியிருந்தது. தேதி மூன்று வருடம் முந்தையது. காரணம்: ‘பழையதில் உள்ள ரப்பர் வளையம் இதில் இல்லை. அதிர்வு கிராங்குக்குப் போகும். வேண்டாம்.’

அவள் அரக்கோணத்தில் கூப்பிட்டபோது நான் இரண்டு நீலப் புல்லிகளை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஷெட்டில் நின்றிருந்தேன். ஏன் காட்பாடியில் எடுக்கவில்லை என்றாள். குளித்துக்கொண்டிருந்தேன் என்றேன். கையெல்லாம் கிரீஸ்.

எதைப் போட என்று மெக்கானிக் கேட்டார். பழையதையே என்றேன்.

“அப்போ ரெண்டு நாளா இன்னா சார் பண்ணீங்க?” என்று கேட்டபடி, பழைய இரும்புப் புல்லியைத் துடைத்துப் பொருத்தினார். அவளுடைய புதுப் போல்ட்டைப் போட்டு, அளவோடு இறுக்க உதவும் அவளுடைய டார்க் ரெஞ்சை வைத்து, அது ‘கிளிக்’ என்று சொல்லும் வரை இறுக்கினார். சக்கரத்தை மாட்டிவிட்டு, சாவியைத் திருப்பச் சொன்னார். என் விரல் அந்தச் சாவியின் மேல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு திருப்பினேன். ஓடியது.

பெரம்பூருக்கு நான் எட்டு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். அவள் ஓட்டுநர் இருக்கைக்கு வந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் நகங்களைப் பார்த்தாள். பாடி சிக்னலில் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிக்னல் பச்சையாகிப் பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் நகரவில்லை.

“செல்ஃப் எத்தனை தடவை அடிச்சீங்க?”

“நாலு.”

அவள் கியரைப் போட்டு வண்டியை எடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் பானெட்டைத் திறந்து, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டாள். எஞ்சினை அணைத்தாள், மறுபடி சக்கரத்தைக் கழற்றினாள், டார்க் ரெஞ்சை வைத்துப் பார்த்தாள். கிளிக். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் ஒரு சிவப்புச் சீட்டு என் கழுத்துக்கும் அளவாக இருந்திருக்கும். ஆனால் அவள் என் புல்லியை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் காலை அது சாப்பாட்டு மேசையில் இருந்தது, சீட்டுடன். காரணம் என்ற இடத்தில் ‘மேற்படி’ என்று எழுதியிருந்தாள்.

சனிக்கிழமை அவள் ஓடினாள். நான் வேலிக்கு வெளியே நின்று, ஒவ்வொரு வளைவிலும் அந்த ‘டக்’ கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. அவள் பிரிவில் பதினோரு பேரில் நான்காவதாக வந்தாள். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியபோது, பக்கத்துக் கார் இளைஞர் ஒருவர், இந்த வயது எஞ்சின் இவ்வளவு சுத்தமாக ஓடுகிறதே, என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். நான் ஒரு அடி முன்னால் வந்தேன்.

“எதுவும் மாத்தல தம்பி” என்றாள் அவள். “எங்க வீட்டுக்காரர் மாத்தப் பாத்தாரு. வண்டி விடல.”