பாசியும் பிரஷ் அக்காவின் சுத்தமும்

ஆற்றுநீர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பேர் பிரஷ் அக்கா. ஆற்றுக் கல்லில் படிந்த பாசியைப் பல் தேய்க்கிற பிரஷால் சுரண்டித் தட்டில் சேர்ப்பதுதான் வேலை. பதினோரு வருஷமாக இதேதான், இன்னமும் தற்காலிகம்தான். வேலையில் எள் என்றால் எண்ணெயாக நிற்பாள். சுத்தம் என்று வந்தால் மட்டும் கொஞ்சம் பைத்தியம். "இவளுக்கு நானும் ஒரு கல்லுதான்" என்பான் புருஷன். பாவம், அந்த மனுஷன் தேயாமல் இருந்ததே பெரிய விஷயம்.

அந்த வருஷம் ஆய்வை நடத்துகிற மேடம் கூடத்தின் பின்பக்கம் இரண்டு கண்ணாடி வாய்க்கால் போட்டார். ஒன்றில் வெறும் ஆற்றுத் தண்ணீர். இன்னொன்றில் அதே தண்ணீரோடு உரம். இரண்டிலும் ஆற்றுக் கல், கல்லில் பாசி, பாசிக்குள் குடியிருக்கிற பூச்சிக் குஞ்சுகள். உரத்தால் பாசி எவ்வளவு கூடுகிறது என்று காட்டிவிட்டால் ஆய்வு இன்னும் மூன்று வருஷம் நீளும், அக்காவின் வேலையும் நீளும். காட்டாவிட்டால் கூடத்தையே மூடிவிடுவார்கள்.

மூன்று மாசம் போனது. உரம் போட்ட வாய்க்காலில் கல் பளிச்சென்று கிடக்கிறது. வெறும் தண்ணீரில் பாசி கம்பளி மாதிரி மண்டிக் கிடக்கிறது! மேடம் குழாயைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார், உர டப்பாவை மோந்துகூடப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

அக்கா உரத் தண்ணீரில் குனிந்து பார்த்தாள். மணலை ஒட்டிச் சட்டையாகப் போட்டுக்கொண்ட குஞ்சுப் புழுக்கள், கல்மேல் ஊர்ந்து ஊர்ந்து பாசியை மேய்கின்றன. ஆடு மேய்ந்த மாதிரி பின்னாலேயே கல் மொட்டையாகிக்கொண்டே வருகிறது. அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

ஏனென்றால், பக்கத்து வாய்க்காலில் இருந்த புழுவையெல்லாம் தினமும் சாயந்திரம் இடுக்கியால் பொறுக்கியது சாட்சாத் இவள்தான். கொல்ல மனசு வராது. டம்ளரில் போட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் ஆற்றில் விட்டுவிடுவாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அவளுக்கு இல்லை.

"மேடம், அந்தத் தண்ணியில இருந்த புழுவை எல்லாம் நான்தான் எடுத்தேன்."

"எதுக்கு அக்கா?"

"நல்ல தண்ணியாச்சே, அதுல புழு இருக்கலாமா? உரத் தண்ணி எப்படியும் அழுக்குதானேன்னு அதை விட்டுட்டேன்."

மேடத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "மூணு மாசம், அக்கா! மூணு மாச உழைப்பு!" என்று கத்திவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே அக்கா அழுதாள். வேலை போகிறதே என்றும் அழுதாள், மேடத்தை ஏமாற்றிவிட்டோமே என்றும் அழுதாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. மேடத்தின் முகமே மாறியிருந்தது. உரத்தைவிடப் புழுவுக்குத்தான் இங்கே அதிகாரம், அதையே ஆராயலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மேலிடத்துக்கு எழுதினார், அவர்களும் சரி என்றார்கள். புதிதாக இரண்டு வாய்க்கால், இரண்டிலும் வெறும் ஆற்றுத் தண்ணீர். ஒன்றில் புழு இருக்கும், மற்றதில் தினமும் பொறுக்கி எடுக்க வேண்டும். பொறுக்குகிற வேலை அக்காவுக்கு, மூன்று வருஷத்துக்கு.

முதல் நாள் அக்கா இடுக்கியோடு உட்கார்ந்தாள். அரை மணி ஆயிற்று. டம்ளர் காலியாகவே இருந்தது.

"என்ன அக்கா, கை வலிக்குதா?"

"தெரியாம எடுத்தது வேற, மேடம். இப்பதான் அதுங்க என்ன பாடுபடுதுன்னு தெரிஞ்சுபோச்சே. அதுங்க பாட்டுக்கு வேலை செஞ்சுட்டு இருக்கிறதைப் பிடிச்சு எப்படி வெளிய அனுப்பறது?"

மேடம் இடுக்கியை வாங்கிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப்போட்டுத் தானே உட்கார்ந்தார்.