லிப்ஸ்டிக்குக்கு மேல் மாஸ்க்

முகத்தை வடிவாக்குவது என் தொழில். அந்த முகத்தை மூடிக்கொண்டு வாருங்கள் என்று கெஞ்சுவதும் அதே தொழிலில் வந்து சேரும் என்று நான் இதைப் பழகிய காலத்தில் யாரும் சொல்லித்தரவில்லை.

கொரோனாக் காலத்தில் கடை, சலூன், தையலகம் என்று எதையாவது திறந்து வைத்திருந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதினமாக இராது. பயணத்தடைக்குள் பூனை மாதிரி அடங்கிக் கிடந்த சனம், இரண்டாவது ஊசி ஏறியதும் என்ன பாடு படுத்தியது என்பது உங்களுக்கும் தெரியும். ஆளுக்கொரு சட்டம், ஆளுக்கொரு நியாயம். அதற்கு நடுவில் மாட்டுப்பட்ட உங்களில் ஒருத்திதான் நானும்.

முள்ளியவளையில் எங்கள் வீட்டின் முன் அறைதான் என் பார்லர். பெரிய கண்ணாடி ஒன்று, சுழலும் கதிரை ஒன்று, அலுமாரி ஒன்று. உள்வீட்டுக்குப் போகும் வாசலில் ஒரு திரைச்சீலை. திரைக்கு அந்தப் பக்கம் என் கணவர். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது, இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறவர். அவருக்கும் ஊசி போட்டோம். ஆனால், "இவருக்கு ஊசி வடிவா வேலை செய்யுமெண்டு சொல்லேலாது, சுத்தியிருக்கிற ஆக்கள்தான் கவனமா இருக்கவேணும்" என்று டொக்டர் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அவரைச் சுற்றியிருப்பது நான் ஒருத்தி. என்னைச் சுற்றியிருப்பதோ ஊர் முழுக்க.

இதை வருகிறவர்களிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் சனத்தைத் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். ஒரு வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று காதில் விழுந்தால் போதும், ஆப்பிளும் மால்ட் பேணியும் வாங்கிக்கொண்டு வான் பிடித்து வந்து இறங்கிவிடுவார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்து, "நல்லா மெலிஞ்சு போனியள்" என்று ஒரு பாட்டம் அழுதால்தான் அவர்களுக்கு மனம் ஆறும். இவருக்கு வருத்தம் பிடிபட்டது பயணத்தடைக்குள் என்பதால் ஊருக்குத் தெரியவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மாஸ்க் ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "பி.எச்.ஐ. கண்டால் கடையைப் பூட்டிப்போடுவார்" என்று சுகாதாரப் பரிசோதகரைச் சாட்டி ஒரே பொய்யைச் சொல்லிக் காலத்தை ஓட்டினேன்.

சாமியறையில் இருந்து வந்த அட்டை

மகேஸ்வரி அக்கா தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பார்லரைத் திரும்பத் திறந்த முதல் கிழமையே புருவம் எடுக்க வந்துவிட்டார், மாஸ்க் இல்லாமல். கேட்டதற்குக் கைப்பையைத் திறந்து தடுப்பூசி அட்டையை எடுத்து நீட்டினார். லமினேற் பண்ணிய அட்டை. அதன் நான்கு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். இவ்வளவு நாளும் சாமியறையில் வைத்து விளக்குக் காட்டியிருக்கிறார். அட்டையைக் கையில் வாங்கியபோது என்னையறியாமல் கண்ணில் ஒற்றப் பார்த்தேன்.

"அக்கா, வருத்தம் வாறது அட்டையை வாசிச்சுப் பார்த்து இல்லையே. மூக்கையும் வாயையும் மூடினால்தான் எனக்கு நிம்மதி" என்றேன். அவர் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். அரசாங்க உத்தியோகம் பார்த்தவர், ஒரு முத்திரை செல்லாது என்று சொன்னால் லேசில் விடுவாரா? அட்டையின் மூலையில் ஓட்டை போட்டுக் கோத்திருந்த நூலை இழுத்துக் காட்டிச் சொன்னார்:

"அப்ப இந்த அட்டையையே என்ர மூக்கில கட்டிவிடும் பிள்ளை."

பாதி பேஷியல்

இதற்கு நேர் மாறு ரஞ்சினி அக்கா. பலசரக்குக் கடைக்காரரின் மனைவி. ஊசி இரண்டு, மாஸ்க்கும் இரண்டு, அதற்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு முகத்தடுப்பு. வாசலில் நான் வைத்த வாளித் தண்ணீரில் கை கழுவிய பிறகு, தான் கொண்டுவந்த போத்தலில் இருந்தும் கழுவினார். இப்படி ஒரு ஆளைத்தானே நான் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த சந்தோசத்தில் அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது, அதற்கும் சட்டம் விடாது.

கதிரையில் இருந்த பிறகுதான் அவர் வந்தது பேஷியல் செய்ய என்று தெரிந்தது. மாஸ்க்கைக் கழற்றச் சொன்னேன். "கழட்டமாட்டன். தெரியிற இடத்தில செய்யும்" என்றார். யன்னலைத் திறந்து, நானும் இரண்டு மாஸ்க் போட்டு, எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. கடைசியில் நெற்றியையும் கண்ணைச் சுற்றியும் பளபளவென்று ஆக்கிவிட்டு அனுப்பினேன். வெளியே மோட்டார் சைக்கிளில் காத்திருந்த அவருடைய கணவர் மனைவியை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, வேலிப் படலையில் நின்று என்னைக் கேட்டார்:

"மிச்சப் பாதி எப்ப தங்கச்சி, மூண்டாவது ஊசிக்குப் பிறகோ?"

மாமரத்துக்குக் கீழே

உள்ளே ஒருவர்தான் என்பது என் சட்டம். மற்றவர்கள் முற்றத்தில் மாமரத்துக்குக் கீழே இருக்க வேண்டும், கதிரைக்குக் கதிரை ஒரு மீற்றர். காலையில் அளந்து போடுவேன். பத்து மணிக்கு எட்டிப் பார்த்தால் எல்லாக் கதிரையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். தூர இருந்தால் கதை கேட்காதாம். ஒருநாள் பொறுமை போய், மாட்டுக் கயிற்றை எடுத்து ஒவ்வொரு கதிரையையும் இடைவெளி விட்டு மரத்திலும் வேலியிலும் கட்டினேன். திரைக்குப் பின்னால் இருந்து இவர், "பார்த்து, பால் கறக்க ஆரும் வந்திடப் போகினம்" என்று சிரித்தார்.

அரை மணித்தியாலம் முற்றம் அமைதியாக இருந்தது. வெற்றி என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதிரைகள் கட்டின கட்டில் நிற்கின்றன, ஒன்றிலும் ஆள் இல்லை. நடுவில் நிலத்தில் சேலையை இழுத்துவிட்டு, முழங்காலோடு முழங்கால் முட்ட எல்லோரும் வட்டமாக இருக்கிறார்கள். நடுநாயகமாக லெட்சுமி அக்கா. மலையகத்தில் பிறந்து, சின்ன வயதில் பெற்றோரோடு இங்கே வந்து, இப்போது சொந்தமாகத் தோட்டம் செய்கிறவர். பெரியபிள்ளையான மகளின் சாமத்திய வீட்டுக்கு அலங்காரம் பேச வந்திருந்தார். இடுப்பில் கை வைத்து நின்ற என்னைப் பார்த்து, ஒரு பாவமும் அறியாதவராகச் சொன்னார்:

"கதிரைக்குத்தானேங்க ஒரு மீட்டர் சொன்னீங்க, நாங்க தரையிலதானே உக்காந்திருக்கோம்."

தாம்பாளத்தில் சேர்ந்த மாஸ்க்குகள்

முல்லைத்தீவில் ஒரு கலியாணம், தோழிப் பெண்ணுக்குத் தலை கட்டப் போயிருந்தேன். மண்டபத்தில் வாசலிலேயே எல்லோருக்கும் மாஸ்க். மணமகள் வீட்டார் கெட்டிக்காரர், பட்டுச் சேலைகளுக்குப் பொருத்தமாகப் பல நிறத்தில் சரிகை வைத்துத் தைத்த மாஸ்க்கே கொடுத்தார்கள். இப்படி ஒழுங்கான கலியாணம் உண்டா என்று நான் மனம் குளிர்ந்து நின்றேன். பிறகு வீடியோக்காரத் தம்பி வாயைத் திறந்தான்: "குடும்பப் படம், எல்லாரும் மாஸ்க்கைக் கழட்டுங்கோ." கழற்றிய மாஸ்க்கை எங்கே வைப்பது? ஒரு சித்தி வெற்றிலைத் தாம்பாளத்தை நீட்டினார். எல்லோரும் பக்தியோடு அதில் போட்டார்கள், படத்துக்குச் சிரித்தார்கள், பிறகு சுற்றி நின்று அவரவர் சேலைக்குப் பொருந்துகிற மாஸ்க்கைத் தெரிவு செய்து போட்டுக்கொண்டார்கள்.

 இந்தக் கூட்டத்துக்குள் நின்றுவிட்டு எப்படி வீட்டுக்குப் போவேன் என்று இவருடைய முகம்தான் கண்ணுக்குள் நின்றது. வீட்டுக்கு வந்ததும் உள்ளே போகாமல் நேரே கிணற்றடிக்குப் போய், தலையில் நாலு வாளி அள்ளி ஊற்றினேன். உடுப்பைத் தனியாக ஊறப் போட்டேன். தாம்பாளக் கதையைக் கிணற்றடியில் நின்றே விறாந்தையில் இருந்த இவருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னபோது எனக்கு அழுகைதான் வந்தது. இவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"கலியாண வீட்டுக்குப் போட்டு வந்து செத்தவீட்டு முழுக்குப் போடுற ஒரே ஆள் நீர்தான்."

வெறுங்கை

நிரோஜாவின் கலியாணம்தான் திறந்த பிறகு எனக்குக் கிடைத்த பெரிய வேலை. எங்கள் ஊர்ப் பிள்ளை, மாப்பிள்ளை முரசுமோட்டை. ஒத்திகை அலங்காரத்துக்கு என்று பிள்ளை வந்த நாளில் கூடவே தாய், சித்தி, இரண்டு மச்சாள்மார், தோழி என்று ஒரு வான் சனம் உள்ளே நுழைந்துவிட்டது. ஒருவர் முகத்திலும் மாஸ்க் இல்லை. ஒரு மச்சாள் பலமாகத் தும்மினாள். நான் வழக்கமான பொய்யைச் சொன்னேன். தாய்க்காரி கேட்கிற ஆள் இல்லை. "எங்கட வீட்டில எல்லாருக்கும் ரெண்டு ஊசியும் போட்டாச்சு. பி.எச்.ஐ. எங்களுக்குச் சொந்தக்காரன், நான் கதைக்கிறன். உமக்கு ஏலாதெண்டால் சொல்லும், புதுக்குடியிருப்பில வேற ஆக்கள் இருக்கினம்" என்றார். அத்தனை மாதம் பூட்டிக் கிடந்த பார்லர். வேலையை விடவும் முடியவில்லை, அவர்களை உள்ளே வைத்திருக்கவும் முடியவில்லை. சீப்பைக் கையில் பிடித்தபடி திரைக்கு முன்னால் போய் நின்றேன்.

அப்போது திரைக்குப் பின்னால் இருந்து இவருடைய குரல் வந்தது. "அக்கா, கோவிக்காதேங்கோ. உள்ளுக்கு நான் இருக்கிறன். எனக்குக் கிட்னி ரெண்டும் பழுது. ஊசி எனக்கு வடிவா வேலை செய்யாதாம். இவ பி.எச்.ஐ.க்குப் பயப்பிடயில்லை, எனக்கு ஏதும் வந்திடுமெண்டுதான் பயப்பிடுறா."  நிரோஜாதான் முதலில் கைப்பையில் இருந்து மாஸ்க்கை எடுத்துப் போட்டாள். மச்சாள்மார் சத்தமில்லாமல் முற்றத்துக்கு இறங்கினார்கள். தாய்க்காரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண் கலங்கி, என்னைக் கோபமாகப் பார்த்தார்:

"உதை முதலே சொல்லியிருக்கக்கூடாதே தங்கச்சி, நாங்கள் வெறுங்கையோட வந்திட்டம்."

படலையடிக் கலியாணம்

அவர்கள் போன பிறகு நான் இவரோடு சண்டை பிடித்தேன். இனி ஊரே திரண்டு வரும், யாரை மறிப்பது என்று கத்தினேன்.  இவர், வருத்தம் வருவதற்கு முன் ஊரில் எந்தக் கலியாணம் என்றாலும் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்ற மனுசன். "எனக்கும் ஆக்களைப் பார்க்க ஆசையாக் கிடக்கு" என்றார் கடைசியில். அதோடு நான் சண்டையை விட்டேன்.

கலியாண நாள் விடியப் போய் நிரோஜாவை அலங்கரித்துக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு வந்து, கிணற்றடி முழுக்கையும் முடித்து, சமையலையும் பார்த்தேன். பின்னேரம் படலையில் கார் ஹோர்ன் கேட்டது. பின்னால் வான், அதற்குப் பின்னால் இன்னொரு வான். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற வழியில் இறங்கியிருக்கிறார்கள்.  "உள்ளுக்கு வராதேங்கோ" என்று கைகளை விரித்துக்கொண்டு ஓடினேன். மறிக்க வேண்டியே இருக்கவில்லை. அவர்கள் ரோட்டில், வேலியோரம், ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு வரிசையாக நின்றார்கள். எல்லோர் முகத்திலும் மாஸ்க். மாப்பிள்ளைக்கும் மாஸ்க், வீடியோக்காரத் தம்பிக்கும் மாஸ்க். நிரோஜா நான் விடியப் போட்ட லிப்ஸ்டிக்குக்கு மேல் மாஸ்க் போட்டு, கூறைச் சேலையோடு நின்றாள். தாய்க்காரி ஆப்பிள் பையையும் மால்ட் பேணியையும் படலையில் கொழுவினார். வாழ்த்தித் தூவுகிற அறுகரிசி வைத்த சின்னக் கிண்ணத்தை முற்றத்துக் கதிரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய் ரோட்டில் நின்றுகொண்டார். விறாந்தைக்கு வந்திருந்த இவரைப் பார்த்து நிரோஜா கூப்பிட்டுச் சொன்னாள்: "அண்ணை, நாங்கள் கிட்ட வரமாட்டம். நீங்கள் அங்கயிருந்தே எறிஞ்சு ஆசீர்வதியுங்கோ."

இவர் உள்ளே போய்ச் சேட் மாற்றிக்கொண்டு வந்தார். கிண்ணத்தை எடுத்து முதல் பிடியை எறிந்தார். காற்று அதைக் கொண்டுபோய் முற்றத்துக் கோழிகளுக்குக் கொடுத்தது. வேலியோரம் முழுக்கச் சிரிப்பு. இரண்டாவது பிடியை ஓரடி முன்னுக்கு வந்து, கையை ஓங்கி எறிந்தார். அது மாப்பிள்ளையின் தலைப்பாகையிலும் நிரோஜாவின் தலையிலும் போய் விழுந்தது. இருவரும் ரோட்டில் நின்றபடியே கும்பிட்டார்கள். "மெலிஞ்சு போனியள் தம்பி" என்று தாய்க்காரி அங்கே நின்றே சத்தமாக அழுதார், பக்கத்து வீட்டுக்காரரும் வந்து அழுதார்கள். நானும் அழுதேன், சிரித்தும் கொண்டேன், எது எப்போது என்று தெரியவில்லை. வாகனங்கள் போன பிறகு வெறும் கிண்ணத்தை என்னிடம் தந்து, விறாந்தைப் படியில் இருந்துகொண்டு இவர் சொன்னார்:

"கொரோனாவுக்குப் பிறகு இண்டைக்குத்தான் ஒரு கலியாண வீட்டுக்குப் போட்டு வந்திருக்கிறன்."

சட்டம் போட்டு ஒரு மீற்றர் தள்ளி நிற்கச் சொன்னால் கேளாத எங்கள் சனம், ஒரு நோயாளிக்காக என்றால் ரோட்டு வரைக்கும் தள்ளி நிற்கும், ஆனால் பார்க்க வராமல் மட்டும் இருக்கவே இருக்காது.