எண்பது பவுண்டு காற்று

கட்டில்காரம்மா என்று கேட்டால்தான் அந்தப் பக்கத்தில் வழி சொல்வார்கள். தலைப்பக்கத்தை உயர்த்தும் இரும்புக் கட்டில், சக்கர நாற்காலி, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கான காற்று மெத்தை என்று எல்லாவற்றையும் வாடகைக்குக் கொடுப்பவள் அவள். தன் பிக்கப் வண்டியில் தானே ஓட்டிக்கொண்டு போய் இறக்குவாள், பூட்டிக் கொடுப்பாள், நோயாளியை எப்படிப் புரட்டுவது என்று வீட்டாருக்கு ஒருமுறை செய்து காட்டுவாள், கிளம்பிவிடுவாள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள். உட்கார்ந்தால் அவர்கள் அழ ஆரம்பிப்பார்கள், அழுதால் அடுத்த வீட்டுக் கட்டில் தாமதமாகும்.

அப்படிப்பட்டவளுக்கே வீட்டில் ஒரு நோயாளி வாய்த்தார். கணவர் தையல்காரர். துணி வெட்டும் மேசையில் காலமெல்லாம் குனிந்து நின்று முதுகெலும்பில் டிஸ்க் விலகி, அறுவை சிகிச்சை வரை போயிற்று. முடிந்து நன்றாகத்தான் எழுந்தார். தினமும் காலையில் பயிற்சி நிலையத்துக்கு வந்து முதுகுக்கான பயிற்சி செய்தால் போதும் என்றார் மருத்துவர். கட்டில்காரம்மா அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விடுவாள், தன் சுற்றை முடித்துக்கொண்டு திரும்பக் கூட்டி வருவாள். உயரமான வண்டியில் ஏறும்போது தோள் இடித்துக்கொள்ளக் கூடாதே என்று, அவர் பக்கத்துக் கதவு மூடும் இரும்புத் தூணில் தடித்த ஸ்பாஞ்சை வெட்டி மேலிருந்து கீழ் வரை ஒட்டியும் வைத்தாள்.

பயிற்சி தொடங்கிய வாரத்திலிருந்தே வலி திரும்பியது. குறையவில்லை, கூடியது. "அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தா மறுபடி திறந்து பார்க்க வேண்டியிருக்கும்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

 அன்று வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே தையல்காரர் சொன்னார்.

"இன்னொரு தடவை கத்தி வச்சா நான் எழுந்திரிக்க மாட்டேன்."

"எழுந்திரிக்காம என்ன செய்வீங்க? வீட்ல கட்டிலுக்கா பஞ்சம்?" என்றாள் அவள். 

வீட்டில் மூன்றாவது ஆள் நாத்தனார், தையல்காரரின் தங்கை. நாக்கில் எப்போதும் ஒரு ஊசி வைத்திருப்பவள். "அண்ணனுக்கு வலி வீட்ல வரமாட்டேங்குது, கவனிச்சியா அண்ணி? சேர்ல உக்காந்து டிவி பார்க்கும்போது கல்லு மாதிரி இருக்காரு. உன் வண்டிய விட்டு இறங்குனா மட்டும்தான் வில்லு மாதிரி வளையிறாரு. பயிற்சிக்குப் போக சோம்பேறித்தனம்."

"வலிய நடிக்கிறவரு நெத்தியில வேர்வையும் வரவழைப்பாரா?" என்று அவளை அடக்கினாள் கட்டில்காரம்மா. ஆனால் வண்டியை விட்டு இறங்கினால் மட்டும் என்ற வார்த்தை மனதில் தைத்துக்கொண்டு நின்றது.

ஒரு நாள் நகரத்து ஓரத்தில் ஒரு முதியோர் விடுதியை மூடினார்கள். அங்கே வாடகைக்கு விட்டிருந்த கட்டில்களை எல்லாம் ஒரே நடையில் எடுத்து வர வேண்டியிருந்தது. கட்டில், மெத்தை, சலைன் மாட்டும் கம்பி என்று பின்தட்டு பிதுங்கும் பாரம். அதே பாரத்தோடு பயிற்சி நிலையத்தில் கணவரையும் ஏற்றிக்கொண்டாள். இன்றைக்கு மனிதர் துடிக்கப் போகிறார் என்று பயந்துகொண்டே ஓட்டினாள்.

பாதி வழியில் குறட்டை கேட்டது. திரும்பிப் பார்த்தால் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார்.

வீட்டு வாசலில் தானாகவே காலை இறக்கி, கதவைப் பிடித்து நிமிர்ந்து நின்றார். "ரோடு புதுசா போட்டுட்டாங்களா?" என்று கேட்டார்.

"அதே ரோடுதான்."

மறுநாள் வண்டி காலி. முதல் வேகத்தடையிலேயே "அம்மா" என்று பல்லைக் கடித்தார். கட்டில்காரம்மா வண்டியை ஓரம் கட்டினாள். இறங்கிப் போய் முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். கருங்கல்லை அழுத்தியது போல இருந்தது.

போன மழைக்காலத்தில் பழைய டயர் ஒன்று நெடுஞ்சாலையில் வெடித்தது. பாரத்தோடு வண்டி இழுத்துக்கொண்டு போய்ச் சாலைச் சுவரை உரசி நின்றது. அதற்குப் பிறகு அவள் கடைக்குப் போய், இருப்பதிலேயே அதிகச் சுமை தாங்கும் பத்து அடுக்கு டயராகக் கேட்டு வாங்கி நான்கையும் மாற்றினாள். பெட்ரோல் பங்கில் எவனையும் நம்பாமல், டயரின் பக்கத்தில் எழுதியிருந்த எண்பது பவுண்டு காற்றைத் திங்கட்கிழமை தவறாமல் தானே அளந்து பிடித்தாள். டயர் மாற்றியதும், கணவரைப் பயிற்சிக்குக் கூட்டிப் போக ஆரம்பித்ததும் ஒரே வாரத்தில்.

வீடு வீடாகப் போய் அவள் தினமும் சொல்கிற பாடம் ஒன்று உண்டு. காற்று மெத்தை தாங்கும் அளவு வேறு, பிடிக்க வேண்டிய அளவு வேறு. படுக்கிறவர் எடைக்குத் தகுந்த மாதிரி பிடியுங்கள், கெட்டியாகப் பிடித்தால் மெத்தை இல்லை, பலகை. மெலிந்த கிழவியை எண்பது கிலோ ஆளுக்கான காற்றில் படுக்க வைத்த மகனை அவள் வாசலிலேயே வைத்துத் திட்டியிருக்கிறாள். இத்தனை நாளாகத் தன் புருஷனைப் பலகையில் உட்கார வைத்து ஓட்டியிருக்கிறாள்.

"என்னாச்சு? ஏன் நின்னுட்டே?" என்றார் தையல்காரர்.

"வாயை மூடிக்கிட்டு உக்காருங்க. டயர் கடைக்குப் போறோம்."

டயர் கடைக்காரர் அளந்து பார்த்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எண்பதா? யாரும்மா பிடிச்சது?"

"நான்தான். டயர்லயே போட்டிருக்கே."

"அது அந்த டயர் தாங்குற உச்ச அளவும்மா. முழு பாரத்துக்கு. காலி வண்டிக்கு அதைப் பிடிச்சா தூக்கித் தூக்கிப் போடும், நடு ரப்பர் மட்டும் தேயும், மழையில பிரேக்கும் பிடிக்காது. உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு கதவுத் தூண்ல ஸ்டிக்கர் இருக்குமே, பார்க்கலையா?"

"என் வண்டியில அப்படி எதுவும் இல்லை."

அவர் ஓட்டுநர் பக்கம் பார்த்தார், இல்லை. மறுபக்கம் வந்து, ஸ்பாஞ்சின் ஓரத்தை நகத்தால் நெம்பி உரித்தார். அடியில், பசை படிந்து, ஸ்டிக்கர் இருந்தது. முப்பத்தைந்து பவுண்டு.

வண்டிக்குள்ளிருந்து தையல்காரர் எட்டிப் பார்த்தார். "என் தோளைக் காப்பாத்தி முதுகை வாங்கியிருக்கே."

அவள் மீதி ஸ்பாஞ்சையும் உரித்து எறிந்தாள். 

"அப்ப முப்பத்தஞ்சே பிடிச்சிடுங்க" என்றாள் கடைக்காரரிடம்.

"அதுவும் கூடாது. ஸ்டிக்கர் வண்டியோட வந்த டயருக்கு. இது கனத்த டயர், அதே சுமையைத் தாங்க இதுக்குக் கொஞ்சம் கூடவே வேணும்." டயர் கம்பெனியின் அட்டவணையைப் பார்த்து, நான்கிலும் நாற்பத்தைந்தாக இறக்கினார். "கட்டில் நிறைய ஏத்துற அன்னிக்கு மட்டும் பின்னால அறுபது வைங்க, இறக்குனதும் குறைச்சிடுங்க. காலையில வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாம இருக்கும்போது அளங்க. அடுத்த தடவை இவ்வளவு கனமா வாங்காதீங்க. உங்க பாரத்துக்கு இதுல பாதி போதும்."

திரும்பும் வழியில் பெரிய வேகத்தடை வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கதவுப் பிடியைப் பற்றினார். வண்டி ஏறி, ஒரு முறை அமுங்கி, இறங்கியது.

"வருதா?" என்றார் அவர், கண்ணை மூடியபடியே.

"தாண்டியாச்சு."

அவர் கண்ணைத் திறந்து பின்னால் திரும்பிப் பார்த்தார். முதுகைத் திருப்ப முடிந்ததையே சற்றுக் கழித்துத்தான் கவனித்தார்.

அடுத்த முறை மருத்துவர் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், காலைத் தூக்கச் சொன்னார். "கத்தி எல்லாம் வேண்டாம். பயிற்சியை மட்டும் விடாதீங்க" என்றார். கட்டில்காரம்மா வெளியே வந்து வண்டியில் ஏறி, சாவியைப் போடாமல் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். யார் வீட்டிலும் உட்காராதவள்.

"உங்க தங்கச்சிகிட்ட என்ன சொல்றது?" என்றாள் கடைசியில்.

"நடிப்பை விட்டுட்டேன்னு சொல்லு."

மாலையில் புது ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டினாள். ஸ்டிக்கர் இருக்கும் இடத்தில் தையல்காரர் தன் கத்தரியால் ஒரு சன்னல் வெட்டிக் கொடுத்தார், ஓரம் பிசிறில்லாமல்.