பன்னிரண்டு கம்ப்யூட்டரில் எடுத்த டிக்

சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்கும் தொழிலில் பாதி ஆயுள் 'நெக்ஸ்ட்' அமுக்குவதில் போகும். மீதி, எந்த 'நெக்ஸ்ட்'டைத் தப்பாக அமுக்கினோம் என்று தேடுவதில் போகும். இதே பிழைப்பில் இருக்கும் சக பாவிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருக்கும் எனக்கு, கல்வராயன் மலை அதை ஒரே வாரத்தில் சொல்லிக் கொடுத்தது.

திங்கட்கிழமை போன்

அந்த மலைமேல் வெள்ளிமலையில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையம். அங்கிருந்த பன்னிரண்டு பழைய கம்ப்யூட்டர்களிலும் நிரல் எழுதும் பைத்தான் மொழியைப் போட்டுக் கொடுத்தது நான்தான். அங்கே பாடம் நடத்தும் தேன்மொழி மணலூர்பேட்டைக்காரர், குரலை உயர்த்தத் தெரியாதவர். அன்று போனில், "பிப் இல்லைன்னு சொல்லுதுங்க மேடம்" என்றார்.

பிப் என்பது சின்ன நிரல். பைத்தானுக்கு வேண்டிய மற்ற சாமான்களையெல்லாம் அதுதான் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் முதலில் அதையே யாராவது கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பைத்தான் போடும்போதே 'பிப் வேண்டுமா' என்று ஒரு கட்டத்தில் டிக் இருக்கும். பழைய கம்ப்யூட்டரில் இடம் கம்மி என்று கண்ட டிக்கையெல்லாம் எடுத்துவிடுவது என் பழக்கம். எடுத்த கை என்னுடையது என்பது அந்த நொடியே ஞாபகம் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. "பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை வெளியூர்லருந்து எக்ஸாமினர் வர்றாருங்க. அத வுட்டா அடுத்த பரீட்சை ஆறு மாசம் கழிச்சுதான். அதுக்குள்ள படிக்கறவங்கள்ல பாதிப் பேரு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருப்பாங்க மேடம்."

மலை ஏறிய பென் டிரைவ்

புதன்கிழமை காலை, பிப்பை நிறுவும் கோப்பையும் பரீட்சைக்கு வேண்டிய தொகுப்புகளையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாகப் பஸ்ஸில் ஏறினேன். வளைவுக்கு வளைவு பென் டிரைவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மையத்தில் பிப் கோப்பை ஓடவிட்டதும், அது சாவகாசமாக இணையத்தைத் தேட ஆரம்பித்தது. அப்போதுதான் புரிந்தது. நான் தூக்கி வந்தது மாப்பிள்ளையை இல்லை, மாப்பிள்ளையை அழைத்துவரக் கிளம்பிய ஆளை.

மையத்துக்கு வருவதாகச் சொன்ன இணைய இணைப்பு இன்னும் வரவில்லை. காவலாளி சின்னசாமி என்னை மொபெட்டில் ஏற்றி, சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான பாறை வளைவில் கொண்டுபோய் இறக்கினார். போனை நான்கு திசைக்கும் காட்டினேன். ஒரு கோடு வரும், போகும். "இங்க டவர் எப்பவுமே இப்படித்தானா?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

"டவரு நல்லா இருந்தா நீ எதுக்கும்மா பஸ் ஏறி வரப்போற?"

தேடினால் கிடைப்பது

வெறுங்கையோடு திரும்பினேன். தேன்மொழி ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தேடும் கட்டத்தில் 'பிப்' என்று மட்டும் அடித்து வைத்திருந்தார். வந்து நின்ற கோப்புறையைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. டிக்கை எடுத்தாலும், பைத்தான் தன்னோடு ஒரு பிப்பை மூட்டை கட்டி உள்ளேயே வைத்திருக்கும். ஒரு வரிக் கட்டளை போதும், இணையம் வேண்டாம். பத்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அந்த மூட்டையை ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

"இங்கயே ஒண்ணு கெடக்குதுங்களே, இது வேற பிப்புங்களா மேடம்?"

விட்டுப்போன ஒருவர்

பிப் எழுந்து உட்கார்ந்துவிட்டது. பரீட்சைக்கு வேண்டியது வரைபடம் போடும் தொகுப்பு. அதற்கு ஏழெட்டுச் சொந்தக்காரத் தொகுப்புகள். எல்லோரும் வந்தால்தான் அதுவும் வரும். பென் டிரைவில் ஒருவரை விட்டுவிட்டேன். மறுபடியும் பாறை வளைவு. நல்லவேளை, அது சின்னக் கோப்பு. ஒரு மணி நேரம் போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றதில் இறங்கிவிட்டது. மாலைக்குள் பன்னிரண்டிலும் இரண்டு கோடு போட்ட வரைபடம் வந்தது. நான் எட்டாவதிலேயே களைத்து உட்கார்ந்துவிட்டேன்; மற்ற நான்கையும் தேன்மொழியே முடித்தார்.

சின்னசாமி எட்டிப் பார்த்தார். "ரெண்டு வாட்டி ஏத்திக்கினு போனேனே, இந்தக் கோடு ரெண்டுக்குத்தானா?"

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு

கம்ப்யூட்டருக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேரும் பரீட்சை எழுதினார்கள், பன்னிரண்டு பேரும் தேறினார்கள். சான்றிதழ் கொடுக்கும் நாளில் என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். 'மேடம் மட்டும் வரவில்லையென்றால்...' என்று தேன்மொழி மைக்கில் பேசப் பேச, எனக்கு நாற்காலி சுட்டது. முடிந்ததும் அவரைத் தனியே அழைத்து, டிக்கை எடுத்ததே நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "தெரியுங்க மேடம். நீங்க பைத்தான் போட்ட அன்னிக்கு உங்க பின்னாடிதான் நின்னுக்கினு இருந்தேன். பன்னெண்டுலயும் எடுக்கறீங்களே, இன்னா காரணமா இருக்கும்னு கேக்கலாம்னு பாத்தேன். தப்பா நெனச்சுக்குவீங்கன்னு வுட்டுட்டேன்."

இப்போதெல்லாம் எந்த டிக்கை எடுப்பதற்கு முன்பும் திரும்பிப் பார்த்து, பின்னால் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். யாரும் நிற்கவில்லையென்றால் எடுப்பதே இல்லை.