சாம்பலும் அக்காவின் அரைச் சாக்கு உரமும்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று மூன்று கிழமையாக யோசித்தேன். நான் எழுதாவிட்டால் என் மனைவி ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிடுவாள். ஆகவே நானே முந்திக்கொள்கிறேன்!

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். மனைவியின் அக்கா உருத்திரபுரத்தில் தனி ஆளாக நின்று இரண்டு ஏக்கர் வயல் செய்கிறவர். சண்டையால் பாதை பூட்டிய பிறகு உரம் என்பது கண்ணால் காணாத சாமான். அக்காவிடம் மட்டும் ஒரேயொரு சாக்கு அமோனியா உரம் இருந்தது. போன வருஷம் வாங்கி, நெல்மூட்டைகளுக்குப் பின்னால் பத்திரமாக வைத்தது. இந்தப் போகம் முழுவதும் அந்தச் சாக்கை நம்பித்தான்.

பொட்டாஸ் உரத்துக்கோ வழியே இல்லை.

"தம்பி, நீங்கள் படிச்ச ஆள். பொட்டாசுக்குப் பதிலா என்ன போடலாம்?" என்று அக்கா கேட்டார்.

கேட்க வேண்டியதுதான் தாமதம்...

"அடுப்புச் சாம்பல் இருக்கெல்லோ அக்கா! அதில பொட்டாசியம் நிறைய இருக்கு. அதையும் உங்கட உரத்தையும் கலந்து ஒரே தரமா வீசுங்கோ. வேலையும் மிச்சம்."

சாம்பலில் பொட்டாசியம் இருப்பது உண்மை. என் ஆலோசனையில் உண்மை அத்தோடு முடிந்தது.

அக்கா வீட்டு முற்றத்தில் படங்கு விரித்தோம். அரைச் சாக்கு உரத்தைக் கொட்டி, சாம்பலைக் கடகத்தால் அள்ளிப் போட்டு, மண்வெட்டியால் நானே புரட்டினேன். முதல்நாள் மழையில் சாம்பல் கொஞ்சம் நனைந்திருந்தது. சற்று நேரத்தில் குப்பென்று ஒரு நெடி! கண் எரிந்தது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.

எனக்கோ பெருமை. "இதுதான் அமோனியா. உரம் நல்ல வீரியமா இருக்கு, பாத்தீங்களே?"

அக்கா மண்வெட்டியைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, உது ஒரு வருஷமா வீட்டுக்குள்ள கிடந்தது. ஒருநாளும் மணக்கேல்லை. இப்ப மட்டும் ஏன் மணக்குது? பயிருக்குப் போக வேண்டியது எங்கட மூக்குக்கெல்லோ போகுது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு முதல்நாள்தான் வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதிப் போட்டிருந்தேன். அமோனியா ஒரு மென்மூலம், அதாவது வலிமை குறைந்த காரம். அது ஒரு புரோத்தனை வாங்கினால் அமோனியம் ஆகும் – அதுதான் அதன் இணை அமிலம். மூலம் எவ்வளவுக்கு மெலிதோ, இணை அமிலம் அவ்வளவுக்கு வலிது. வாங்கிய புரோத்தனை இறுக்கிப் பிடிக்கத் தெரியாதது, திருப்பிக் கொடுக்கவும் தயங்காது. உரத்தில் இருந்தது அந்த அமோனியம். சாம்பலில் இருந்தது அமோனியாவைவிட வலிய மூலம். அது வந்து கேட்டது... இது கொடுத்தது. மிஞ்சிய அமோனியா வாயுவாகிப் பறந்தது. உருத்திரபுரத்துக் காற்றுக்கு இலவச உரம்!

மூலத்தின் மாறிலியையும் இணை அமிலத்தின் மாறிலியையும் பெருக்கினால் என்ன வரும் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன். முற்றத்தில் நின்றபோது ஏன் அது நினைவுக்கு வரவில்லை?

யோசித்துப் பார்த்தால், ஆலோசனை சொல்கிறவர்களும் இப்படித்தான். விஷயத்தை இறுக்கிப் பிடித்திருப்பவர், கேட்டாலும் லேசில் வாய் திறக்கமாட்டார். என்னைப் போல அரைகுறையாகப் பிடித்திருப்பவர்தான் கேட்டவுடனே அள்ளிக் கொடுப்பார்.

மிச்ச அரைச் சாக்கை அக்கா தனியாக மேற்பக்க வயலுக்கு வீசினார். நான் கலந்ததைக் கீழ்ப்பக்கத்துக்குப் போட்டார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு போகத்துக்கென்று காத்து வைத்ததில் பாதியை அல்லவா பறக்கவிட்டேன்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

போன ஞாயிற்றுக்கிழமை வயலுக்குப் போனேன். மேற்பக்கம் கரும்பச்சை. கீழ்ப்பக்கம் வெளிறி, மஞ்சள் அடித்துக் கிடந்தது. பக்கத்து வயல்காரர் வரம்பில் நின்று, "பிள்ளை, உந்தப் பக்கத்துக்கு என்ன வருத்தம்? நோய் ஏதும் பிடிச்சிட்டுதோ?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"வருத்தம் ஒண்டுமில்லை அண்ணை. அது எங்கட தம்பி படிப்பிச்ச பக்கம்."