தண்ணீர் குடிக்கப் பயந்த வருஷங்கள்

கல்யாணமான புதிதில் நான் நல்ல பருமன். என் கணவர் அன்னவாசல் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தார். முதல்முதலாக எனக்கு ரவிக்கை தைக்க அவர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தபோது, வெட்கத்தில் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மூச்சை விடும்மா. இப்படிப் பிடிச்சுக்கிட்டு நின்னா ரவிக்கை வேற யாருக்காவதுல்ல சேரும்" என்றார்.

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு என் உடம்பைப் பற்றி அவர் முன்னால் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை.

1950-களின் நடுவில் ஒரு நாள் வயிற்றுவலி வந்து சுருண்டு விழுந்தேன். குடல் முறுக்கிக்கொண்டது என்றார்கள். வாடகைக் கார் பிடித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். அங்கே ஆபரேஷன் செய்து, கெட்டுப்போன குடலை நீளமாக வெட்டி எடுத்துவிட்டார்கள். பிழைத்து வந்தேன். ஆனால் சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. சோறு உள்ளே போன சிறிது நேரத்தில் வயிறு இளகிவிடும். ஆறேழு மாதத்தில் பாதி ஆளாகிவிட்டேன். தெருவில் சிலர் "இப்பத்தான் பாக்க லெச்சணமா இருக்க" என்றார்கள். சிலர் பரிதாபப்பட்டார்கள். அவரோ என் பழைய ரவிக்கைகளை எல்லாம் எடுத்துப்போய்ச் சிறிதாக்கிக் கொண்டுவந்தார். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். துணியை வெட்டாமல் உள்ளே மடித்துத் தைத்திருந்தார்.

"வெட்டியிருந்தா உள்ள உறுத்தாதுல்ல?" என்று கேட்டேன்.

"திரும்ப ஒடம்பு தேறும்போது பிரிச்சு விடணும்ல" என்றார்.

நான் டீச்சராக இருந்தேன். எழுந்து நடமாட முடிந்ததும் மறுபடியும் வேலைக்குப் போனேன். பஸ்ஸில் இறங்கி வரப்பு வழியே நடந்தால் வரும் ஆரம்பப் பள்ளிக்கூடம் அது. ஓட்டுக் கூரை, இரண்டு பெரிய அறைகள். ஒரு தலைமை ஆசிரியர், நான், இன்னொரு டீச்சர். அந்த டீச்சர் கிறிஸ்தவர். என்னைவிட மூத்தவர், கலகலப்பானவர். பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் என்று ஒன்று கிடையாது. பையன்கள் கண்மாய்க் கரைக்கு ஓடுவார்கள். பெண் பிள்ளைகள் கூட்டமாகக் கருவேலம் புதர்ப் பக்கம் போய்வருவார்கள். பாடம் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகள் பார்க்க டீச்சர்கள் எங்கே போவது? அதனால் காலையில் அரை டம்ளர் காப்பியோடு சரி. சாயங்காலம் வீடு வந்து சேரும்வரை தண்ணீர் தொடமாட்டோம். அந்த டீச்சர்தான் எனக்கு வழி சொல்லித் தந்தவர். "வாயை நனைச்சுக்கிட்டுத் துப்பிரணும் டீச்சர். தொண்டைக்குள்ள விட்டா அப்புறம் நம்ம பாடுதான் கஷ்டம்." ஆபரேஷனுக்குப் பிறகு, வயிறு எப்போது இளகுமோ என்ற பயத்தில் மத்தியானச் சாப்பாட்டையும் பாதியாகக் குறைத்துவிட்டேன்.

சிறுநீரகத்தில் முதல் கல் ஒரு பங்குனி மாதம் வந்தது. நாலாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முதுகுப்பக்கம் இடுப்புக்கு மேலே யாரோ கத்தியைச் செருகித் திருகியதுபோல் இருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலி அடிவயிறு வரை இறங்கியது. பிள்ளைகள் பயந்துபோய் அழ ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டபோது நிற்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. அவர் வாழைத்தண்டை இடித்துச் சாறு பிழிந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். இரண்டு நாள் கழித்து நெருஞ்சி முள் மாதிரி பழுப்பாக ஒரு கல் விழுந்தது. இவ்வளவு சிறியதா என்னை இந்தப் பாடு படுத்தியது என்று நம்பவே முடியவில்லை.

ஒழிந்தது என்று இருந்தோம். ஐப்பசியில் இன்னொன்று வந்தது. அடுத்த கோடையில் மூன்றாவது. அந்தத் தடவை சிறுநீரில் ரத்தம் கலந்து வந்ததைப் பார்த்ததும் அவர் கடையைச் சாத்திவிட்டு என்னைப் புதுக்கோட்டைக்கு அழைத்துப்போனார்.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் ஒருவர் பார்த்தார். கண்டிப்பான முகம், மெதுவான குரல். ஆபரேஷன் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறேன், வயிறு எத்தனை தடவை போகிறது என்றெல்லாம் கேட்டார். பிறகு, "காலையில வீட்டை விட்டுக் கெளம்பினா, ஒண்ணுக்குப் போறது எப்போ?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கேக்குறேன்ல, சொல்லும்மா."

"சாயங்காலம் வீட்டுக்கு வந்துதாங்க."

"நடுவில?"

"எடம் இல்லைங்க. அதனால தண்ணியும் குடிக்கிறதில்லைங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வெளியே வராந்தாவில் நின்றிருந்த என் கணவரை உள்ளே கூப்பிட்டார்.

"இவங்களுக்குக் குடலை நெறைய எடுத்திருக்காங்க. குடிக்கிற தண்ணி பாதி வயித்தோட போயிருது. மிச்சத்தையும் இவங்க குடிக்கிறதில்ல. மூத்திரம் கெட்டியாகிக் கெட்டியாகிக் கல்லாகுது. இந்தக் கல்லு தானா விழுந்துரும். ஆனா தண்ணி குடிக்கலைன்னா மறுபடி வரும், எத்தனை தடவை வேணும்னாலும் வரும். மருந்து எழுதித் தாரேன், ஆனா நெசமான மருந்து தண்ணிதான். மூத்திரம் வெள்ளையாப் போகுற அளவுக்குக் குடிக்கணும். பசலைக்கீரை, முளைக்கீரை, நெலக்கடலை, முந்திரி எதுவும் வேணாம். சாப்பாட்டோட மோர் சேத்துக்கங்க. எலுமிச்சம்பழம் நல்லது."

அப்புறம் என் பக்கம் திரும்பி, "வெக்கப்பட்டு வெக்கப்பட்டுச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்காதம்மா" என்றார். அதட்டலாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது என் கையைப் பிடித்திருந்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் என் கணவர் கேட்டார்.

"எத்தனை வருஷமா இப்படி?"

"வேலைக்குச் சேந்ததுலேருந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"இதைப் போயி எப்படிச் சொல்றது?"

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் மெஷினை விட்டு எந்திரிச்சு, கடைக்குப் பின்னாடி போயிட்டு வாரேன். அதை ஒரு நாளும் ஒரு விஷயமாவே நெனச்சதில்ல" என்றார். எனக்குத்தான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

"வேலையை விட்டுர்றேங்க" என்றேன்.

"நீ ஏன் விடணும்? படிச்சு வாங்குன வேலை. நான் வந்து ஒங்க எட்மாஸ்டரைப் பாக்குறேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. "ஐயையோ, என் பேச்சை அங்க பேசாதீங்க."

"ஒன் பேச்சைப் பேச மாட்டேன். போதுமா?"

கல் விழுந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்றே அவரும் கூட வந்தார். நான் என் அறையில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதுபோல் நின்றுகொண்டிருந்தேன். என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. வாசலில் அவர்கள் பேசியது முழுவதும் காதில் விழுந்தது.

"பொம்பளைப் புள்ளைங்க படிக்கிற எடங்க. மறைவா ஒரு எடம் வேணும்ல" என்றார் அவர்.

தலைமை ஆசிரியர் நல்ல மனிதர்தான். ஆனால் இந்தப் பேச்சில் அவருக்கு வாய் குழறியது. "மேல எழுதிப் போடணும். வர நாளாகும்" என்றார்.

"எழுதுங்க. அது வாரவரைக்கும் நான் ஒரு மறைப்புக் கட்டித் தாரேன். ஒங்க அனுமதி மட்டும் போதும்."

பிறகு தலைமை ஆசிரியர் மெல்லச் சொன்னார். "எம் பொண்ணும் இங்கிட்டுதான் அஞ்சாவது படிக்கிறா. பாதி நாள் தலைவலிங்கிறா. கூச்சத்துல தண்ணியே குடிக்கிறதில்லபோல, இப்பத்தான் புரியுது. மூங்கில் நான் கொண்டாந்து போடுறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் கட்டினார்கள். குழி வெட்டிச் சரளை நிரப்பி, நாலு பக்கமும் தென்னங்கீற்று வைத்து அடைத்தார்கள். வாசலுக்கு என் கணவர் சாக்குகளை இரட்டையாகச் சேர்த்து ஒரு படுதா தைத்தார். மெஷினில் இரண்டு ஊசி உடைந்தது. உள்ளேயிருந்து கட்டிக்கொள்ள நாடாவும் வைத்திருந்தார். காற்றில் விலகக்கூடாதாம்.

மறுநாள் நானும் அந்த டீச்சரும் அதன் முன்னால் போய் நின்றோம். எனக்குக் கால் எழவில்லை.

"நான் மொதல்ல போறேன். நீங்க இங்கிட்டே நில்லுங்க டீச்சர்" என்று அவர் உள்ளே போனார். வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டு வந்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது. "இருவது வருஷ சர்வீசுல இன்னைக்குத்தான் மத்தியானத்துல நிம்மதியா இருக்கேன்" என்றார். அன்று இடைவேளையில் இருவரும் ஆளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தோம். தொண்டை வழியே அது இறங்குவதையே கவனித்துக்கொண்டிருந்தேன். பெரிய பெண் பிள்ளைகள் முதலில் தூரத்தில் நின்று பார்த்தார்கள். வாரம் முடிவதற்குள் வரிசை நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். முறை வைத்து நாங்களும் அவர்களும் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவோம்.

வகுப்பறையில் ஒரு மண்பானை வைத்தேன். பெல் அடிக்கும்போதெல்லாம் ஒரு டம்ளர் என்று பழக்கப்படுத்திக்கொண்டேன். ஒரேயடியாகக் குடித்தால் வயிறு தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடிக்க வேண்டும். நான் மறந்தாலும் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் விடமாட்டார்கள். "டீச்சர், தண்ணி!" என்று கூட்டமாகக் கத்துவார்கள். கீரையை விடுவது எனக்குக் கஷ்டமாக இல்லை. அவித்த கடலைதான் ஆசை. ஆலங்குடியில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா, கடலையும் முந்திரியும் மூட்டையாகக் கொடுத்தனுப்புவாள். அதை அவர் வீட்டுக்குள் கொண்டுவராமல் கடையிலேயே வருகிறவர்களுக்கு அள்ளிக் கொடுத்துவிடுவார்.

கல் அதோடு ஒரேயடியாக நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். அடுத்த வருஷம் ஊருணி வற்றிக் குடிதண்ணீருக்கே ஊர் அலைந்த கோடையில் இன்னொன்று வந்தது. சின்னது. பார்லிக் கஞ்சியை வைத்துக்கொண்டு அவர் பகல் முழுவதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வலி எழும்பும்போது என் முதுகில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார். அடங்கும்போது கடைக்கு வந்தவர்களின் கதையைச் சொல்லிச் சிரிக்கவைப்பார். சாயங்காலத்துக்குள் விழுந்துவிட்டது. அதன்பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் இருந்தவரை கல் வரவில்லை. மழையில் கீற்று மட்கும்போதெல்லாம் அவரே போய் மாற்றிவிட்டு வந்தார். நாலைந்து வருஷத்தில் சர்க்காரிலிருந்து செங்கல்லில் ஒன்று கட்டிக்கொடுத்தார்கள்.

வீட்டில் எனக்குத் தனியாகத் தண்ணீர் குடிக்கப் பிடிப்பதில்லை என்று அவரும் என்னோடு சேர்ந்து குடிக்கப் பழகியிருந்தார். காலையில் எழுந்ததும் ஆளுக்கொரு செம்பு. பிறகு நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன். அவர் கடைக்குப் போவார்.

"எனக்குக் கல்லும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒன்னால ஒரு சட்டை தைக்கிறதுக்குள்ள மூணு தடவை எந்திரிச்சு ஓடுறேன்" என்று அலுத்துக்கொள்வார்.

"அப்ப நாளையிலேருந்து குடிக்காதீங்க" என்பேன்.

மறுநாள் காலையில் இரண்டு செம்பையும் நிரப்பி வைத்துவிட்டுத்தான் என்னை எழுப்புவார்.